போல்ட்டு இணைப்புகளும் வாஷர் வகைகளும்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. பெரிய பொருளின் இயக்கம் சிறிய உறுப்பைப் பொறுத்திருக்கிறது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். இக்காலத்தில் கிராமங்களில் தேரும் வண்டியும் மட்டும் இல்லை. கைப்பம்பு, மின் மோட்டார், கடலை உடைக்கும் யந்திரம், டிராக்டர் கலப்பை, நீர்த்தொட்டி, தகட்டுக் கூரை என்று எத்தனையோ சாதனங்கள் வந்துவிட்டன. இவை அனைத்தையும் கட்டிக் காப்பவை போல்ட்டும் நட்டுமே. அந்த நட்டின் கீழே இருக்கும் மெல்லிய வளையமாகிய வாஷரைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் உதாரணமாகக் கொள்வோம். ஓமந்தூர், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக விளங்கிய ஓ.பி. இராமசாமி ரெட்டியார் அவர்களின் ஊர். பொதுப் பணத்தைச் செலவிடுவதில் அப்பெரியார் காட்டிய கண்டிப்பை இன்றும் மக்கள் நினைவுகூர்கின்றனர். நிலக்கடலையும் நெல்லும் கரும்பும் விளையும் பூமி இது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த டி.எம்.வி. நிலக்கடலை ரகங்களை அறியாத கடலை விவசாயி இருக்க முடியாது. கிழக்கே மரக்காணத்து உப்பளங்களும் கடலும் உள்ளன. ஆகவே உழைக்கும் யந்திரங்களும் உண்டு, உப்புக் காற்றும் உண்டு, புயலும் உண்டு. போல்ட்டு இணைப்புகளுக்கு நேரக்கூடிய சோதனைகள் யாவும் இவ்வட்டாரத்தில் நேருகின்றன.

வாஷர் என்ற சொல் நம் மக்களிடையே இரு பொருளில் வழங்குகிறது. தண்ணீர்க் குழாயிலும் பம்பின் பிஸ்டனிலும் இருந்து நீரைக் கசியவிடாமல் தடுக்கும் தோல் அல்லது ரப்பர்த் துண்டையும் வாஷர் என்கிறோம். நட்டின் கீழே போடும் இரும்பு வளையத்தையும் வாஷர் என்கிறோம். இங்கு நாம் ஆராயப்போவது பின்னதையே. கூரைத் தகட்டிற்கு இடும் வாஷர் இவ்விரு வேலைகளையும் செய்வதால் அதனையும் சேர்த்துக் கொள்வோம்.

போல்ட்டு எவ்வாறு பிடிக்கிறது?

வாஷரின் பயனை அறிய வேண்டுமானால், முதலில் போல்ட்டு எவ்வாறு பிடிக்கிறது என்பதை அறிய வேண்டும். துளையில் நுழைந்து நிற்கும் ஓர் ஆணி என்று பலர் அதைக் கருதுகின்றனர். உண்மை அவ்வாறன்று. நட்டை முறுக்கும்போது போல்ட்டின் தண்டு மிகச் சிறிய அளவு நீளுகிறது. நீண்ட தண்டு பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதால், இடையே உள்ள இரு தகடுகளையும் இறுக்கிக் கவ்வுகிறது. இழுத்துக் கட்டிய கயிறு வைக்கோற் பொதியைப் பிடிப்பது போன்றதே இது. கயிறு தளர்ந்தால் பொதி குலையும். போல்ட்டின் இழுப்புத் தளர்ந்தால் இணைப்புக் குலையும்.

இந்தப் பிடிப்பு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாயிருக்கும். 12 மி.மீ. சாதாரண போல்ட்டு ஒன்றை 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரால் ஏறக்குறைய 17 கிலோ விசை கொடுத்து முறுக்கினால், போல்ட்டில் உண்டாகும் பிடிப்பு சுமார் 1,400 கிலோ. ஆனால் அதற்காகத் தண்டு நீளும் அளவோ மிகச் சொற்பம். இரு தகடுகளும் சேர்ந்து 20 மி.மீ. கனம் இருந்தால், போல்ட்டு நீளுவது ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கே ஆகும். இது தலைமயிரின் பருமனைவிடக் குறைவு.

இக்கணக்கிலிருந்து விவசாயிகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தகடுகளுக்கிடையே வர்ணப் பூச்சோ, துருவோ, மண்ணோ இருந்து, பின்னர் அது நசுங்கி அந்தச் சொற்ப அளவு உள்வாங்கிவிட்டால் போதும். 1,400 கிலோ பிடிப்பும் மறைந்துவிடும். நட்டு ஓர் இம்மியும் திரும்பாமலேயே இணைப்புத் தளர்ந்துவிடும். ஆகையால்தான் புதிதாகப் பூட்டிய எந்தச் சாதனத்தையும் சில நாட்கள் உபயோகித்த பின் மறுமுறை முறுக்க வேண்டும் என்கிறார்கள். வாஷரின் தலையாய வேலையும் இப்பிடிப்பைக் காப்பதே.

தட்டை வாஷர்

எல்லாவற்றிலும் எளியது தட்டை வாஷர். வெறும் வட்ட வளையம். இது மூன்று காரியங்களைச் செய்கிறது.

முதலாவது, சுமையைப் பரப்புகிறது. 12 மி.மீ. நட்டு தன் முகத்தால் தகட்டை அழுத்தும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர செ.மீ.தான். 24 மி.மீ. விட்டமுள்ள வாஷரை இட்டால் அப்பரப்பு மூன்று சதுர செ.மீ.க்குச் சற்று மேலாகிறது. அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால், தகடு நசுங்கி உள்வாங்குவதும் குறைகிறது.

இரண்டாவது, நட்டுத் திரும்புவதற்கு வழவழப்பான முகத்தை அளிக்கிறது. நாம் ஸ்பானரில் செலுத்தும் உழைப்பை நூறு பங்காகக் கொண்டால், ஏறக்குறைய ஐம்பது பங்கு நட்டின் அடியில் உராய்விலும், நாற்பது பங்கு மரையின் உராய்விலும் கழிந்துவிடுகிறது. பத்துப் பங்குதான் போல்ட்டை நீட்டப் பயன்படுகிறது. கரடுமுரடான வார்ப்பிரும்பின் மீதோ துருவின் மீதோ நட்டு நேராகத் தேய்ந்தால், உழைப்பு முழுவதும் உராய்விலேயே போகும். கைக்குக் கடினமாகத் தோன்றும். போல்ட்டிலோ பிடிப்பு இராது. ஆகவே, நட்டு, போல்ட்டுத் தலை இரண்டில் எதைத் திருப்புகிறோமோ அதன் கீழே வாஷர் அவசியம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பெரிதாகிவிட்ட துளையையும் நீண்ட துளையையும் மூடி, நட்டு அதில் புதையாமல் காக்கிறது. கல்ட்டிவேட்டர்க் கொழுக்களை நகர்த்திப் பூட்டுவதற்காக இடும் நீள்துளைகளுக்குக் கனமான தட்டை வாஷர் இன்றியமையாதது.

வாங்கும்போது கனத்தைக் கவனிக்க வேண்டும். 12 மி.மீ. போல்ட்டுக்குரிய வாஷர் 24 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும் உள்ளது. மெல்லிய தகட்டில் வெட்டிய மலிவு வாஷர், நட்டை முறுக்கியதும் கிண்ணம்போல் வளைந்து துளைக்குள் இறங்கிவிடும். இந்தியத் தர நிர்ணயத்தில் தட்டை வாஷருக்குரிய இலக்கம் ஐ.எஸ். 2016, ஸ்பிரிங் வாஷருக்கு ஐ.எஸ். 3063. முன்னதில் உள்ள 2016 என்பது ஆண்டு அன்று, தரத்தின் வரிசை எண் என்பதை நினைவிற் கொள்க. விலைப்புள்ளி கோரும்போது இவ்விலக்கங்களைக் குறிப்பிடுவது நலம்.

மரத்திற்கு அகன்ற வாஷர்

மாட்டுக் கொட்டகையின் தூண், பனஞ்சட்டம், வண்டியின் ஏர்க்கால் முதலிய மர இணைப்புகளில் சாதாரண வாஷர் போதாது. இரும்பைப்போல் மரம் அழுத்தம் தாங்காது. சதுர செ.மீ.க்கு 50 கிலோ தாங்கும் மரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 24 மி.மீ. வாஷரின் கீழ் அது தாங்குவது சுமார் 160 கிலோ. 5 செ.மீ. சதுரத் தகட்டை வாஷராக இட்டால் 1,150 கிலோ வரை தாங்கும். ஒரே போல்ட்டு, ஒரே மரம்; வாஷரை மாற்றியதால் ஏழு மடங்கு பிடிப்பு!

மேலும், மரம் உலர உலரச் சுருங்கும். பச்சை மரத்தில் பூட்டிய போல்ட்டு அடுத்த கோடையில் தானாகவே தளர்ந்து நிற்கும். இது போல்ட்டின் குற்றமன்று. மாசியில் பூட்டியதை ஆடிக்கு முன் ஒரு முறை முறுக்கிவிடுவதே இதற்குப் பரிகாரம்.

ஸ்பிரிங் வாஷர்: நம்பிக்கையும் உண்மையும்

ஓரிடத்தில் வெட்டுண்டு, இரு முனைகளும் மேலும் கீழுமாக விலகி நிற்கும் வளையமே ஸ்பிரிங் வாஷர். நட்டுக் கழலாமல் இருக்க இதைப் போட்டால் போதும் என்பது பட்டறைகளில் நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை. இந்நம்பிக்கையை ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

நட்டு ஏன் கழல்கிறது? சாய்வான பலகை ஒன்றின் மீது நெல் மூட்டையை வைத்திருப்பதாக எண்ணுவோம். உராய்வு இருக்குமட்டும் அது நகராது. ஆனால் பலகையைப் பக்கவாட்டில் குலுக்கினால், மூட்டை சிறிது சிறிதாகக் கீழே இறங்கத் தொடங்கும். போல்ட்டின் மரையும் தண்டைச் சுற்றிச் செல்லும் ஒரு சாய்வே. இணைத்த தகடுகள் பக்கவாட்டில் நழுவி அசையும்போதெல்லாம் நட்டு அச்சாய்வில் பின்னோக்கி இறங்குகிறது. ஜெர்மன் பொறியியலறிஞர் கெர்ஹார்டு யுங்கர் என்பார் 1969-இல் இதனைப் பரிசோதனை வாயிலாகத் தெளிவாக நிலைநாட்டினார். மேலும் கீழுமாக வரும் இழுப்பைவிடப் பக்கவாட்டு அசைவே நட்டுக்குப் பெரும் பகை என்பது அவர் கண்ட முடிவு. அத்தகைய அசைவில் ஸ்பிரிங் வாஷர் நட்டைத் தடுத்து நிறுத்துவதில்லை என்பதும் இவ்வகைச் சோதனைகளில் புலனாயிற்று.

காரணம் எளிது. ஸ்பிரிங் வாஷரைத் தட்டையாக்க வேண்டிய விசை, போல்ட்டின் முழுப் பிடிப்பில் ஒரு சிறு பங்கே. நட்டை நன்கு முறுக்குவதற்குள் அது படிந்து தட்டை வளையமாகிவிடுகிறது. அதன் பின் அதற்கு ஸ்பிரிங்கின் குணம் இல்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா 1990-இல் வெளியிட்ட போல்ட்டு இணைப்புக் கையேடும் இதனையே தெரிவிக்கிறது.

அப்படியானால் ஸ்பிரிங் வாஷர் வீண்பொருளா? அன்று. அதிக முறுக்குத் தாங்காத இடங்களில், அதாவது சிறு போல்ட்டுகளிலும், ஸ்டார்ட்டர்ப் பெட்டியின் மூடி போன்ற மெல்லிய தகடுகளிலும் அதற்கு ஓரளவு பயன் உண்டு. பிடிப்புக் குறைந்த பின்னும் நட்டு உடனே கழன்று விழாமல் சிறிது காலம் அது தாங்கும். ஆனால் கடலை உடைக்கும் யந்திரத்தின் அடித்தளத்தையோ, பம்பு செட்டின் அடித்தளத்தையோ ஸ்பிரிங் வாஷரை நம்பி விட்டுவிடலாகாது. அங்கு முதற் பாதுகாப்பு, தகடுகள் நழுவாதபடி போல்ட்டுக்கு முழுப் பிடிப்பு அளிப்பதே. ஒருமுறை நன்றாக நசுங்கிய ஸ்பிரிங் வாஷரை மீண்டும் உபயோகிப்பதிலும் பயனில்லை.

கழலாமல் காக்கும் பிற முறைகள்

அதிர்வு மிகுந்த இடங்களுக்கு வேறு சாதனங்கள் உள்ளன. நட்டின் உட்புறத்தில் நைலான் வளையம் பதித்த நைலாக் நட்டு மரையை இறுகப் பற்றிக்கொண்டு பின்வாங்காமல் நிற்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரு நட்டுகளை இட்டு, அடி நட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்ளும். இதற்கு இரு ஸ்பானர்கள் வேண்டும். ஒரே ஸ்பானரால் இரண்டையும் அடுத்தடுத்து முறுக்குவது பூட்டு ஆகாது.

நாக்கு வாஷர் என்பது இன்னொரு வகை. இதன் ஒரு நாக்கை நட்டின் பக்கத்தில் மடித்தும், மற்றொன்றை யந்திர உடலின் விளிம்பில் மடித்தும் விடுவர். நட்டுத் திரும்ப இயலாது. மடித்து நிமிர்த்திய நாக்கு ஒடிந்துவிடுமாதலால் ஒவ்வொரு முறையும் புதிய வாஷர் இட வேண்டும். ஆப்பு வடிவப் பற்களுள்ள இரு வளையங்களைச் சோடியாக இடும் முறை இக்காலத்தில் பரவியுள்ளது. நட்டுப் பின்வாங்க முயன்றால், ஆப்பின் சரிவு மரையின் சரிவைவிடச் செங்குத்தாயிருப்பதால் போல்ட்டு மேலும் இழுபடுகிறது; ஆகவே நட்டுக் கழல முடிவதில்லை. விலை அதிகமாயினும், கழன்றால் உயிருக்கு ஆபத்து விளையும் இடங்களில் இதைத் தயங்காது உபயோகிக்கலாம்.

மின் இணைப்பில் பல் வாஷரும் கூம்பு வாஷரும்

நட்சத்திரம் போலச் சுற்றிலும் பற்கள் உள்ள வாஷரைப் பலர் பார்த்திருக்கலாம். வர்ணம் பூசிய மோட்டார் உடலில் எர்த் கம்பியைப் பூட்டும்போது இதனை இடுகின்றனர். பற்கள் வர்ணத்தைக் கீறி உலோகத்தைத் தொடுவதால் மின்சாரத்திற்கு வழி கிடைக்கிறது. எர்த் கம்பி பெயரளவில் பூட்டப்பட்டு, வர்ணத்தின் மீது அமர்ந்திருந்தால் அது இருந்தும் இல்லாததே. ஈரக் கால்களுடன் மோட்டாரைத் தொடும் விவசாயியின் உயிர் இந்தச் சிறு தொடர்பைப் பொறுத்தது. வர்ணத்தைச் சுரண்டிவிட்டுப் பல் வாஷரும் இடுவது உத்தமம்.

கூம்பு வடிவான வாஷர் ஒன்றும் உண்டு. 1867-இல் பிரான்சு தேசத்தவராகிய ஜூலியன் பெல்வில் என்பார் இதற்குக் காப்புரிமை பெற்றமையால் பெல்வில் வாஷர் என வழங்குகிறது. ஸ்பிரிங் வாஷரைப்போல் எளிதில் படிந்துவிடாமல், பெரும் விசையிலும் வளைந்து கொடுத்து நிமிரும் தன்மை உடையது இது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. ஆகவே அலுமினியக் கம்பியை இரும்புப் போல்ட்டால் பூட்டிய இடத்தில், பகலில் மின்சுமை ஏறிச் சூடாகும்போது அலுமினியம் நசுங்குகிறது. குளிர்ந்ததும் இணைப்புத் தளர்கிறது. தளர்ந்த இடம் மேலும் சூடாகித் தீப்பொறி பறக்கிறது. கூம்பு வாஷர் அவ்விடைவெளியைத் தொடர்ந்து நிரப்பிப் பிடிப்பைக் காக்கிறது. மின் இணைப்பு வேலை எதையும் மின்சாரத்தை நிறுத்திய பின், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சாய்வு வாஷர்

நீர்த்தொட்டித் தாங்கிகளிலும் கொட்டகைகளிலும் இரும்புச் சானலும் ஜாயிஸ்டும் பயன்படுகின்றன. இவற்றின் விளிம்பு உட்புறத்தில் சாய்வாக உருட்டப்பட்டிருக்கும். அச்சாய்வின்மேல் நட்டை நேராக இருத்தினால் ஒரு பக்கம் மட்டுமே படியும். போல்ட்டு வளைந்து, தலைக்கருகே விரிசல் காணும். ஒரு பக்கம் கனமாகவும் மறு பக்கம் மெல்லியதாகவும் உள்ள சதுரச் சாய்வு வாஷரை இட்டால் நட்டு நேராக அமரும். சானலுக்கும் ஜாயிஸ்டுக்கும் சாய்வு வேறாதலால் வாஷரும் வேறு. முன்னதற்கு ஐ.எஸ். 5372, பின்னதற்கு ஐ.எஸ். 5374 என்று தரங்கள் உள்ளன. பஞ்சாயத்துக் கட்டுமானங்களை ஏற்கும் முன் அங்கத்தினர்கள் இதனைப் பார்வையிட்டுக் கேட்கலாம்.

கைப்பம்பில் வாஷரும் நட்டும்

இனி, கிராமத்தின் பொதுச் சொத்தாகிய கைப்பம்பைக் கவனிப்போம். இந்தியா மார்க்-2 என்னும் பம்பு 1970-களில் யுனிசெஃப் ஆதரவுடன் உருவாகி, நம் மாநிலத்தின் கோவை வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதன் பின்னர் கிராமத்தாரே எளிதில் பழுது பார்க்கக்கூடிய மார்க்-3 பம்புக்கான சோதனைகளும் 1983 முதல் 1988 வரை கோவையிலேயே நடைபெற்றன. இன்று வீடுதோறும் குடிநீர்க் குழாய் வழங்கப்பட்டு வரினும், மின்சாரம் நின்றால் குழாயும் நின்றுவிடும். 2011-இல் தானே புயலுக்குப் பின் பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லாதிருந்ததை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வேளையில் கைகொடுப்பது கைப்பம்பே.

இப்பம்பின் தலைப்பகுதியும், நீர்த்தொட்டிப் பகுதியும், தரையில் பதித்த பீடமும் விளிம்புகளால் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து 12 மி.மீ. போல்ட்டுகளால் பூட்டப்பட்டுள்ளன. நிமிடத்திற்கு நாற்பது முறை வீதம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இறைத்தால், கைப்பிடி 19,200 தடவை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் தலைப்பகுதி சிறிது உலுக்கப்படுகிறது. விளிம்பு போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்தாலும் அதன் சுமை மற்றவற்றின் மேல் விழுகிறது. அவையும் வரிசையாகத் தளர்கின்றன. தலை ஆடத் தொடங்கியதும் கைப்பிடியின் பேரிங்கு தேய்கிறது. விளிம்புகளுக்கிடையே திறப்பு உண்டானால் அழுக்கு நீர் ஆழ்துளைக்குள் இறங்கவும் வழி ஏற்படுகிறது. கழன்ற போல்ட்டு, குடிநீருக்கே தீங்காய் முடிகிறது.

இப்பம்பை வகுத்தவர்கள் எந்த இடத்திற்கு எது ஏற்றது என்று ஆராய்ந்தே உறுப்புகளை அமைத்துள்ளனர். கைப்பிடியோடு சங்கிலியைப் பூட்டும் 10 மி.மீ. போல்ட்டு உயர்வலிமை எஃகினாலானது. அதற்கு நைலாக் நட்டு. கைப்பிடி அச்சின் முனையில் ஒரு கனமான வாஷரும், ஒன்றையொன்று பூட்டும் இரு நட்டுகளும். சங்கிலியின் போல்ட்டு தொலைந்துபோனால் கடையில் கிடைத்த சாதாரண போல்ட்டையும் நட்டையும் இட்டுச் சமாளிப்பது சில ஊர்களில் வழக்கமாயிருக்கிறது. அது சில வாரங்களில் தேய்ந்து முறிந்து, கைப்பிடி இறைப்பவரின் முகத்தில் அடிக்கக்கூடும். உரிய உறுப்பையே வாங்கி இடவேண்டும். 17 மி.மீ., 19 மி.மீ. வாயுள்ள பம்பு ஸ்பானர் இரண்டு பஞ்சாயத்து அலுவலகத்தில் எப்பொழுதும் இருக்கட்டும்.

கூரையும் புயலும்

2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையேறி விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழையைக் கொட்டிற்று. ஆகவே தகட்டுக் கூரையின் போல்ட்டுகளும் வாஷர்களும் இவ்வட்டாரத்தில் தனிக் கவனம் பெற வேண்டியவை.

மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 கிலோ விசையை உண்டாக்கும். கூரையின்மேல் அது பெரும்பாலும் மேல்நோக்கிய உறிஞ்சலாகவே செயற்படுகிறது. 3 மீட்டர் நீளமும் 80 செ.மீ. அகலமும் உள்ள ஒரு தகட்டைக் காற்று 200 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் தூக்கலாம். ஓரங்களிலும் மூலைகளிலும் இது இன்னும் மிகும். ஒரு பக்கம் திறந்த கொட்டகையாயின் உட்புகும் காற்றும் கீழிருந்து தள்ளும். அப்போது போல்ட்டு அறுபடுவதற்கு முன்பே, சிறு வாஷரைச் சுற்றித் தகடு கிழிந்து கழன்றுவிடுகிறது. போல்ட்டு சட்டத்திலேயே நிற்கும்; தகடு பறந்துவிடும்!

ஆகவே கொக்கி போல்ட்டுக்கு இரு வாஷர்கள் இடப்படுகின்றன. தகட்டை ஒட்டித் தார் வாஷர்; அதன் மேல் குடை போன்று வளைந்த துத்தநாகம் பூசிய இரும்பு வாஷர். முன்னது நீரைத் தடுக்கிறது. பின்னது சுமையைப் பரப்பித் தகட்டைக் காக்கிறது. இரண்டில் ஒன்றைக் குறைத்தாலும் கூரைக்குக் கேடு. போல்ட்டு நெளிவின் மேட்டில் அமைய வேண்டும்; பள்ளத்தில் அமைந்தால் மழைநீர் ஓடுமிடத்திலேயே துளையிட்டதாகும். தார் வாஷர் வெயிலில் ஆண்டுக்கணக்கில் காய்ந்து வெடிக்கும். தானே துளையிட்டு நுழையும் திருகாணிகளுடன் வரும் ரப்பர் வாஷரோ, அளவுமீறி முறுக்கினால் பிதுங்கிக் கிழியும். வாஷர் சிறிது அமுங்கிப் படிந்த அளவில் நிறுத்திக்கொள்க. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் துளை போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாயிருக்கட்டும், நட்டை மிகுதியாக முறுக்கினால் தகடு வெடிக்கும். அத்தகட்டின் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. புதிதாகத் துளையிடுவதைக் கூடுமானவரை தவிர்ப்பதே நல்லது.

துரு

கடற்கரையை நோக்கிச் செல்லச் செல்ல உப்புக் காற்றால் துரு விரைவில் ஏறும். துத்தநாகம் பூசிய போல்ட்டுக்குத் துத்தநாகம் பூசிய வாஷரே இடுக. பூச்சில்லாத கறுப்பு வாஷரை இட்டால், அது துருப்பிடித்து உதிர்ந்து போக, போல்ட்டு நன்றாயிருந்தும் பிடிப்பு இராது. செம்பு, பித்தளை வாஷர்களைத் துத்தநாகத் தகட்டின்மேல் இடலாகாது; ஈரம் பட்டதும் தகடு அரித்துப்போகும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

இவ்வளவையும் நடைமுறைப்படுத்தப் பெருஞ்செலவு தேவையில்லை. கீழ்க்கண்டவற்றை மேற்கொண்டால் போதும்.

1. பொதுச் சாதனங்களின் போல்ட்டுகளை நன்கு முறுக்கிய பின், நட்டின் பக்கத்திலிருந்து தகடு வரை ஒரே நேராகச் சிவப்பு வர்ணக் கோடு ஒன்று இழுத்துவிடுக. நட்டுத் திரும்பினால் கோடு முறிந்து தெரியும். இதைக் கண்டறிய எவருக்கும் தனிப்பயிற்சி வேண்டாம். தண்ணீர் எடுக்க வரும் சிறுமியும் பார்த்துச் சொல்லலாம்.

2. நட்டுத் திரும்பாமலே பிடிப்புக் குறையக்கூடுமாகையால், கோடு சரியாயிருந்தாலும் கைப்பம்பின் போல்ட்டுகளை மாதம் ஒரு முறை ஸ்பானரிட்டுப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூட்டியவற்றை ஒரு வாரத்தில் மறுமுறை முறுக்குக.

3. நான்கு போல்ட்டுகளை உடைய விளிம்பை முறுக்கும்போது, ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லாமல், எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குக.

4. விளிம்புகளைப் பூட்டும் முன் துருவையும் பழைய வர்ணத்தையும் சுரண்டித் துடைத்துவிடுக.

5. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நியாய விலைக் கடை ஆகியவற்றின் தகட்டுக் கூரைகளை ஐப்பசி மழைக்கு முன்னரே ஏணி வைத்துப் பார்த்து, வெடித்த வாஷர்களை மாற்றுக. ஓரங்களையும் மூலைகளையும் முதலில் கவனிக்க.

6. போல்ட்டு வாங்கும் பட்டியலிலேயே நட்டு, வாஷர் ஆகியவற்றின் வகை, அளவு, தர இலக்கம் ஆகியவற்றையும் எழுதுக. "வாஷர் வகையறா" என்று பொதுப்பட எழுதினால், கடைக்காரர் கொடுப்பதே வாஷர் என்றாகிவிடும்.

ஒரு வாஷரின் விலை சில ரூபாய்க்குள் அடங்கும். அது காக்கும் பம்பு ஒரு தெருவின் தாகத்தைத் தீர்ப்பது. அது காக்கும் கூரையின் கீழ் நம் குழந்தைகள் அமர்ந்திருக்கின்றனர். வாங்கியதைப் பேணுவதும் அபிவிருத்தியே என்பதை நமது பஞ்சாயத்துகள் மனத்திற் கொண்டு, வரும் மாதக் கூட்டத்திலேயே கைப்பம்புகளையும் பொதுக் கூரைகளையும் பார்வையிட நாள் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றுமாயின், அதனால் விளையும் நன்மையை அடுத்த புயலின்போது கிராம மக்கள் கண்கூடாகக் காண்பர்.